தார்ன்மியர் பட்டம் யாருக்கு?

நம் பூட்டனுக்கும் பூட்டன் பிறக்காத காலம். ஏழு கடலுக்கு அப்பால், இங்கிலாந்து என்கிற குளிர் தேசத்தில், தார்ன்மியர் என்று ஓர் ஊர். ஊரை ஒட்டி ஒரு மாய ஏரி, ஏரிக்கரையில் ஒரு கோட்டை. 'தார்ன்மியர் பிரபு' என்ற பட்டம் யாராவது ஒருத்தர் தலையில் இருக்கிறவரை ஏரி பசு மாதிரி படுத்துக் கிடக்கும். பட்டத்துக்கு ஆள் இல்லையென்றால் மாதம் ஒரு படி ஏறும். மொத்தம் பன்னிரண்டு படி. பன்னிரண்டும் முழுகினால் ஊரும் முழுகிவிடும்.

ஐந்து தலைமுறையாக அப்பனுக்குப் பின் மகன், அந்த மகனுக்குப் பின் அவன் மகன் என்று பட்டம் இறங்கி வந்தது. ஏரியும் சும்மா கிடந்தது. ஆறாவது பிரபு ஆஸ்பர்ட் காய்ச்சலில் செத்துப் போனார். அவருக்கு மகன் இல்லை, மூன்று மகள்கள். மூத்தவள் ஆமிஸ், நடுவில் பிறந்தவள் இடோனியா, கடைக்குட்டி ஹாவிஸ்.

அந்த ஊர் வழக்கத்தைக் கேளுங்கள். மகன் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். மகள்கள் மட்டும் என்றால் மூத்தவள் இளையவள் பேச்சே கிடையாது, எல்லோருக்கும் சரி பங்கு. நிலத்தை மூன்றாக வெட்டலாம். பட்டத்தை எப்படி வெட்டுவது? அதனால் அது யாருக்கும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் முடியாது. இரண்டு பேர் இல்லாமல் போக வேண்டும், அல்லது ராஜாவே அந்தக் குடும்பத்தில் ஒருத்தரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் போட்ட சட்டமில்லை.

மூன்று பேரும் தனித்தனியாக ராஜாவுக்கு மனு எழுதினார்கள். பதில் வரவில்லை. ஏரி நாலு படி ஏறியது.

அப்போது ஹாவிஸைத் தேடி கிரிம்பால்டு என்ற மந்திரவாதி வந்தான். கையில் இரண்டு வெள்ளை இறகு.

"இதை உன் அக்காமார் தலையில் செருகு. அன்னமாகிப் பறந்து போவார்கள், வலிக்காது. பட்டம் உனக்கு. நீ என்னைக் கட்டிக்கொள், உன் பட்டம் எனக்கு."

"போய்யா, வேலையைப் பார்" என்றாள் ஹாவிஸ்.

ஏரி எட்டுப் படி ஏறியது. மறுபடி வந்தான், மறுபடி விரட்டினாள். பதினோரு படி ஏறியது. மூன்றாம் முறை வந்தான். வாசலில் நாய்கள் நீந்திக்கொண்டிருந்தன. ஹாவிஸின் கை இறகுப் பக்கம் போயே போய்விட்டது. அதை அவளே பார்த்துவிட்டாள். கையை இழுத்துக்கொண்டு, குதிரை ஏறி, நேரே ராஜாவிடம் போனாள்.

ராஜா ஒரு பெரிய பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே மலை மாதிரி மனுக்கள்.

"இதே மாதிரி நாற்பது குடும்பம் இருக்கும்மா. எல்லாரும் 'எனக்குக் கொடு, எனக்குக் கொடு' என்கிறார்கள். ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவள் என்னைச் சபிப்பாள். அதனால்தான் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன்."

ஹாவிஸ் பெட்டிக்குள் குனிந்து, தேடி, தன் மனுவை எடுத்துக் கிழித்துப் போட்டாள்.

"மகாராஜா, வேறு மனு சொல்கிறேன். பட்டத்தை என் சின்னக்கா இடோனியாவுக்குக் கொடுங்கள். தண்ணீர் வந்தபோது பெரியக்காவும் நானும் மனு எழுதிக்கொண்டிருந்தோம். அவளும் எழுதினாள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எழுதிவிட்டு இறங்கிப் போய், நடக்க முடியாதவர்களை முதுகில் சுமந்து கோட்டைக்குக் கொண்டு வந்தாள்."

ராஜா அவளையே பார்த்தார். "இத்தனை வருஷத்தில் இன்னொருத்திக்காகக் கேட்டவள் நீ ஒருத்திதான்" என்று சொல்லி, அங்கேயே ஓலை எழுதி அரக்கு முத்திரை வைத்தார்.

கடைசி நாள் ஹாவிஸ் ஊருக்குள் குதிரையை நீந்தவிட்டு வந்து சேர்ந்தாள். பன்னிரண்டாவது படியில் பெரியக்கா ஆமிஸ் நின்றாள். பக்கத்தில் கிரிம்பால்டு. ஆமிஸின் கையில் இரண்டு இறகு. பாவி, மூன்று பேரிடமும் அதே கதையைத்தான் சொல்லியிருக்கிறான். இடோனியா முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கிழவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள்.

ஹாவிஸ் குதிரையைவிட்டு இறங்கினாள். ஓலையைப் பெரியக்காவிடமே நீட்டினாள். ஆமிஸ் முத்திரையை உடைத்துப் படித்தாள். அவள் முகம் சிவந்தது.

"நான் மூத்தவள். என் பேர் இல்லை. சரி, உன் பேரையாவது ஏன்டி எழுதச் சொல்லவில்லை?"

"என் பேரை எழுதியிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் என்னோடு பேசியிருப்பீர்களா, பெரியக்கா? எனக்குப் பட்டம் வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் வேண்டும்."

"செருகு, நேரமாகிறது" என்று மந்திரவாதி அவசரப்படுத்தினான்.

"செருகுகிறேன்" என்றாள் ஆமிஸ். இரண்டு இறகையும் அவன் தலையிலேயே செருகினாள். மந்திரவாதி இருந்த இடத்தில் ஒரு பெரிய அன்னம் நின்றுகொண்டு சீறியது. அதன் குணம் மட்டும் மாறவில்லை.

ஆமிஸ் ஓலையை இடோனியாவின் ஈரக் கையில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், ஏரி ஒவ்வொரு படியாக இறங்கியது. அக்கா தங்கைகள் மூன்று பேரும் அதே படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தார்கள்.

இடோனியா முப்பது வருஷம் நல்லபடி ஆண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் கண் மூடியதும் பட்டம் மறுபடி அந்தரத்தில் தொங்கியது, ஏரி முதல் படியில் கால் வைத்தது. மனு போட ஹாவிஸ் அரண்மனைக்கு ஓடினாள். தனக்கு ஒரு மகள் இருந்தும், பெரியக்காவின் மகன் பேரை எழுதி எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கே புது ராஜா சிரித்தார்.

"தாமதம் அம்மா. உங்கள் ஜாடையில் தலை நரைத்த ஒரு பெரியம்மா நேற்றே வந்து ஒரு பேரைச் சொல்லி, ஓலையையும் கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்."

"யார் பேர்?"

"சபீனாவாம். உங்கள் மகளா?"