தகர எஞ்சினின் நான்கு நாக்குகள்

பழைய பொம்மை ரயில்களைப் புரட்டிப் பார்த்து, இது அசல், இது மறுபூச்சு என்று சொல்லக்கூடியவர் அமலோற்பவம். பொன்மலையில் அவர் வீட்டு முன்னறைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் பொம்மைகளோடு வருவார்கள். அவரிடம் அந்த வித்தையைக் கற்க வந்த சீடர் நாகசுந்தரம், அவரைவிட வயதில் மூத்தவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். படுத்திருப்பவன் தூங்குகிறானா நடிக்கிறானா என்று பார்த்தே காலம் தள்ளியவருக்குத் தொழில் புத்தி லேசில் போகுமா?

ஒருநாள் அவர் கேட்டார். "அம்மா, ஒரு பொருளை எதுவரைக்கும் சந்தேகப்படணும்?"

அமலோற்பவம் பதில் சொல்லுமுன் குமரேசன் வந்துவிட்டார். ஒரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மறு கையில் துணியில் சுற்றிய சிவப்பு எஞ்சின்.

சாவி கொடுத்தால் ஓடும் தகர எஞ்சின் அது. குமரேசனின் அப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. குமரேசனும் தம்பி தனபாலும் அதற்காகவே அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அம்மா இறந்தபின் அது அண்ணன் வீட்டில் தங்கிவிட்டது. அசலை எங்கோ தள்ளிவிட்டு, வேறொன்றுக்குப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறான் என்று தம்பி ஊரெல்லாம் சொன்னார். அதோடு பேச்சு நின்றது.

"வர்ற மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார் குமரேசன். "சித்தப்பா வந்து நிக்கணும்னு அழுவுறா. அவனோ, இது அசல்தானான்னு உங்க வீட்டுல வச்சு அவன் கண்ணால பாத்தாத்தான் வருவேங்குறான். நாளைக்குச் சாயங்காலம் கூட்டிட்டு வர்றேன்."

அவர் போனபின் அமலோற்பவம் எஞ்சினைக் கவிழ்த்தார். மேல்கூட்டை அடித்தகட்டோடு பிடித்திருப்பவை நான்கு சின்னத் தகர நாக்குகள். மறுபூச்சு செய்கிறவன் அவற்றை நிமிர்த்திக் கூட்டைக் கழற்றியாக வேண்டும். நிமிர்த்தி மறுபடி மடித்த தகரத்தில், மடிப்பின் மேல் வெள்ளைக் கோடு விழும். இதில் நான்கும் வழவழவென்று இருந்தன. சாவித் துளையைச் சுற்றி, சிறு கைகள் குறி தவறிக் கீறிய கீறல்கள்.

"அசல்தான்" என்றார். "நாளைக்குத் தனபால்கிட்ட இந்த நாக்கைக் காட்டினாப் போதும்."

நாகசுந்தரத்துக்கு மனசு ஆறவில்லை. பிள்ளைகள் விளையாடிய பொம்மையில் சிவப்பு இவ்வளவு மிஞ்சுமா? கீறலை ஆணியாலும் போடலாமே. மடிப்புக் கோட்டை மறைக்கத் தெரிந்த கில்லாடி ஒருவன் இருக்கமாட்டானா? அம்மா ஏன் இத்தனை சீக்கிரம் சொல்லிவிட்டார்? அந்த வாழைப்பழம் எதற்கு?

மறுநாள் காலை அமலோற்பவம் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். நாகசுந்தரம் குறடை எடுத்தார். நான்கு நாக்குகளையும் நிமிர்த்திக் கூட்டைத் தூக்கினார். உள்பக்கம் சிவப்பு பளிச்சென்று இருந்தது. அகப்பட்டான் என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது.

அமலோற்பவம் வந்ததும் காட்டினார். "பாத்தீங்களா? நேத்து அடிச்ச பெயின்ட் மாதிரி இருக்கு."

"உள்ள வெயில் பட்டதே இல்லையே, சார்."

நாகசுந்தரம் கூட்டைத் திருப்பி மறுபடி உள்ளே பார்த்தார்.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி மடிப்புல கோடு இருந்துச்சா?"

"இல்ல."

"மடிச்சு வைங்க."

மடித்தார். நான்கிலும் வெள்ளைக் கோடு விழுந்தது. சிவப்புத் துகள் மேசையில் உதிர்ந்தது.

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். தனபால் உட்காரவில்லை. எஞ்சினைக் கவிழ்த்து, மடிப்பில் தெரிந்த வெள்ளைக் கோட்டை நகத்தால் தடவினார்.

"பிரிச்சிருக்கு" என்றார்.

"அது நான் பிரிச்சது, தம்பி" என்றார் நாகசுந்தரம். "இன்னிக்குக் காலையிலதான். அதுக்கு முன்னாடி ஒரு கோடு கிடையாது. சத்தியமாச் சொல்றேன்."

தனபால் மேசையைப் பார்த்தார். வாழைப்பழச் சீப்பு அங்கேயே இருந்தது.

"எங்கண்ணன் கொண்டாந்ததா?" என்றார்.

நாகசுந்தரத்துக்கு முகம் சுண்டிப்போனது. "அம்மா, நீங்க சொல்லுங்களேன்."

"நேத்து நான் பாத்தேன்" என்றார் அமலோற்பவம். "அசல்தான்."

"உங்க ஆளை நீங்க விட்டுக் கொடுப்பீங்களா?" என்று சொல்லிவிட்டுத் தனபால் படியிறங்கிப் போய்விட்டார்.

குமரேசன் எஞ்சினைத் துணியில் சுற்றினார். முடிச்சு சரியாக விழவில்லை. "பொண்ணுக்கிட்ட என்னத்தச் சொல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வெளியேறினார்.

முன்னறையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"நான் சொன்னதுல ஒரு சொட்டுப் பொய் இல்ல, அம்மா. அவர் நம்புறதுக்கு இன்னும் நான் என்ன செய்யணும்?"

அமலோற்பவம் மேசையில் கிடந்த சிவப்புத் துகளை உள்ளங்கையால் ஒதுக்கினார்.

"நேத்து நானும்தான் அசல்னு சொன்னேன். நீங்க நம்புறதுக்கு இன்னும் நான் என்ன செஞ்சிருக்கணும், சார்?"