கோதண்டத்தின் கயிறும் காட்டு வணிகர் சங்கமும்

காட்டில் கயிற்றுக்கடை வைத்திருந்தது ஓர் அணில். பெயர் கோதண்டம். சரக்கு நயம்தான். ஆனாலும் பாவம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது!

"வணிகர் சேவைச் சங்கத்தில் சேர்ந்துவிடு! பெரிய புள்ளிகளெல்லாம் அங்கேதான். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும்!" என்றது பக்கத்துக் கடை முயல்.

கோதண்டமும் சேர்ந்தது. அரச இலையில் கடைப் பெயரைக் கீறி எல்லோரிடமும் நீட்டியது. தேன் விற்கும் கரடியும் தன் இலையை நீட்டியது. மரப்பட்டை விற்கும் மரங்கொத்தியும் நீட்டியது. அட, அத்தனை பேரும் விற்க வந்தவர்கள். வாங்க ஒருவரும் இல்லை! சேவை என்பது பந்தலில் எழுதித் தொங்கவிட்டதோடு சரி.

ஒருநாள் கூட்டத்தின் நடுவே ஒரு மான் அலறிக்கொண்டு ஓடிவந்தது.

"ஐயா, என் குட்டி குளத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டது! உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது!"

தலைவர் மயில் தொண்டையைச் செருமியது. "உட்காரம்மா. இப்போது பொன்னாடை போர்த்தும் நேரம். அது முடிந்ததும் தீர்மானம் போட்டு..."

"நீங்கள் தீர்மானம் போடுவதற்குள் என் பிள்ளை போய்விடுமே!"

கோதண்டத்துக்குத் தன் கடை நினைவுக்கு வந்தது. சந்தைக்கென்று திரித்த நல்ல வடம் ஒன்று கடையில் இருந்தது. சேறு பட்டால் அதை யார் வாங்குவார்கள்? தாய்மானின் முகத்தைப் பார்த்தது. 'சீ, இப்போதா இந்தக் கணக்கு!' என்று தன்னையே நொந்துகொண்டது.

"கயிறு என்னிடம் இருக்கிறது! இழுக்கத்தான் பலமில்லை. கரடியண்ணே, வாங்க!"

"இதோ வந்துட்டேன்!" என்று எழுந்தது கரடி.

"சேற்றில் பரப்ப நான் பட்டை தருகிறேன்!" என்று பறந்தது மரங்கொத்தி.

குளத்தில் மரங்கொத்தி சேற்றின்மேல் பட்டைகளைப் போட்டது. எடை குறைந்த அணில் கடையிலிருந்து எடுத்துவந்த கயிற்றோடு அவற்றின்மேல் ஓடிப்போய்க் குட்டியின் உடம்பில் கட்டியது. கரடி மூச்சைப் பிடித்து இழுத்தது. குட்டி அசையவில்லை. மயிலுக்குப் பொறுக்கவில்லை, அதுவும் ஓடிவந்து கயிற்றைப் பற்றியது.

"இழு! இன்னும் இழு!"

சளக்கென்று குட்டி வெளியே வந்தது! தாய் அதை நக்கி நக்கி அழுதது. சேறு அப்பிய அணிலும் சேர்ந்து அழுதது.

"சங்கம் வைத்ததே இதற்குத்தானப்பா! எப்படி மறந்தோம்?" என்றது மயில், தலையைக் குனிந்தபடி.

ஆளுக்கொரு தொழில் தெரிந்தவர்கள் கூடுவது தங்களுக்குள் விற்றுக்கொள்வதற்கல்ல. ஒருவரால் துடைக்க முடியாத துன்பத்தை எல்லோரும் சேர்ந்து துடைப்பதற்கே.