பஞ்சோடு பஞ்சாக இறங்கிய எலி

குளக்கரையில் ஓர் உயர்ந்த இலவ மரம் நின்றது. அதன் பொந்தில் வெடுக்கன் என்ற சுண்டெலி குடியிருந்தான். மரத்தடியில் அணில்கள் வேர்க்கடலையைக் குவித்து வைத்திருந்தன. அதற்குக் காவல் ஓர் ஆள்காட்டிக் குருவி.

வெடுக்கன் மரத்தைவிட்டு இறங்கத் தொடங்கினாலே போதும். "ஆள் வருது! ஆள் வருது!" என்று குருவி குளமே அதிரக் கத்திவிடும்.

"மரத்தின் வழியே இறங்கினால்தானே பார்ப்பாய்? இனி வானத்திலிருந்து வருகிறேன்!" என்று கறுவினான் வெடுக்கன்.

எங்கிருந்தோ ஒரு தேக்கிலையைக் கொண்டுவந்தான். நாரால் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாராசூட்டில் குதிப்பவனைப் போல உச்சிக் கிளையிலிருந்து குதித்தான். பாதி தூரம்கூட வரவில்லை.

"ஆள்! ஆள்! இலவ மரத்தில் தேக்கிலை ஏது?" என்று குருவி கூவியது. அணில்கள் பாய்ந்து வந்தன. வெடுக்கன் பிழைத்தது பெரும்பாடு.

பங்குனிக் காற்று வீசியது. இலவங்காய்கள் வெடித்தன. எங்கு பார்த்தாலும் பஞ்சு பறந்தது. அதை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

வெடுக்கன் துள்ளினான். "பாராசூட் என்றால் ஒன்றே ஒன்றாய், பெரிதாய்த்தான் இருக்க வேண்டுமா?"

நாற்பது பஞ்சுத் துணுக்குகளை நாற்பது நாரில் கட்டி உடம்போடு பிணைத்தான். மேலெல்லாம் பஞ்சை அப்பிக்கொண்டு குதித்தான். பஞ்சோடு பஞ்சாக மிதந்து குருவியின் காலடியிலேயே இறங்கினான்!

"சீ, இந்தப் பஞ்சுத் தொல்லை!" என்று குருவி தும்மிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெடுக்கன் இரண்டு கடலையைக் கவ்விக்கொண்டு மரமேறிய பிறகுதான் அது கத்தியது.

"போகும்போது கத்தி என்ன பயன்? வரும்போது தூங்கினாயா?" என்று சீறினான் அணில்களின் தலைவன் வரியன்.

"வரவே இல்லை அண்ணே! போனது மட்டும்தான்!"

மேலே வெடுக்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மறுநாளும் குதித்தான். நடுவானில் ஒரு தையல்சிட்டு எதிரே வந்தது. அதற்குக் கூடு கட்டும் நேரம்.

"அடடா, என்ன மெத்தென்ற பஞ்சு!" என்று ஒரு துணுக்கைப் பிடுங்கியது. அதன் துணையும் வந்து இன்னொன்றைப் பிடுங்கியது.

கத்தினால் காவல்காரன் காதில் விழும். கத்தாவிட்டால் உயிர் போகும். வெடுக்கன் பல்லைக் கடித்துக்கொண்டான். முப்பது துணுக்கு போயிற்று. முப்பத்தைந்தும் போயிற்று. கீழே குளம் சுழன்றது.

"ஐயோ, விடம்மா! நான் பஞ்சில்லை, எலி! எலி!"

"என்னங்க, பஞ்சு பேசுது!" என்று அலறிய சிட்டு, துணையோடு பறந்தே போயிற்று.

வெடுக்கன் தொப்பென்று சேற்றில் விழுந்து கழுத்துவரை புதைந்தான். ஆள்காட்டி ஓடிவந்து திகைத்து நின்றது.

"ஏன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாய்? கத்து! உரக்கக் கத்து! யாராவது வரட்டும்!" என்று கெஞ்சினான் வெடுக்கன்.

குருவி கத்தியது. அணில்கள் வந்து குச்சியை நீட்டி அவனை இழுத்துப் போட்டன. வரியன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"பல் நல்ல கூர்மைதான். சித்திரை முடியும்வரை எங்களுக்குக் கடலை உரித்துக் கொடு!"

யார் கண்ணிலும் படாமல் திருட வருபவன், ஆபத்து வந்தால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துத்தான் பிழைக்க வேண்டும்.