உப்பில் தெளிந்த தண்ணீர்

களிமண் சுரங்கத்தில் மண் கழுவின தண்ணீரைத் தேக்கித் தெளியவைக்கும் சேற்றுக் குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி அரியநாதன், வேலையை உதறிவிட்டு வந்து இரண்டு வருஷமாக யோகாம்பாள் என்ற துறவியிடம் சீடராக இருந்தார். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதில் அவருக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேறு காரியம் இருந்ததே, பாவம்.

அன்று காலை ஒரு கடிதம் வந்தது. அந்தக் குட்டையில் புதைந்து செத்துப்போன கூலியாள் மாரப்பனின் மனைவி எழுதியிருந்தாள். 'குடிச்சுட்டு இறங்கினாருன்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க. அவர் தொடவே மாட்டாரு. நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கண்ணே.'

ஆபீசில் அப்படி எழுதியபோது வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றவர் இந்த அண்ணன்தான்.

"அவனை இறங்கச் சொன்னது நான்தான் அம்மா," என்றார் குருவிடம். "போய்ச் சொல்லத்தான் வேணும். ஆனா மனசு ஒரேயடியா கலங்கிக் கிடக்கு. சீக்கிரம் தெளிய ஒரு மந்திரம் கொடுங்க. தெளிஞ்சதும் போறேன்."

"அந்தக் குட்டை எப்படித் தெளிஞ்சுது?"

"மாசக்கணக்கா தெளியலை. மேலதிகாரிங்க அவசரப்படுத்தினாங்க. உப்புக் கிணத்துத் தண்ணியைத் திருப்பிவிட்டேன். மூணே நாள், அடியில மண்ணு தெரிஞ்சுது. மண்ணு படிஞ்சுடுச்சு, இறங்கி உள்ளே கிடக்கிற குழாயை எடுடான்னு மாரப்பன்கிட்ட சொன்னேன்."

யோகாம்பாள் இரண்டு கண்ணாடிச் சாடிகளில் களிமண்ணைக் கரைத்தாள். ஒன்றில் மட்டும் ஒரு கை உப்பைப் போட்டாள்.

சாயங்காலத்துக்குள் உப்புச் சாடி தெளிந்துவிட்டது. மற்றது பத்து நாள் ஆகியும் கலங்கலாகவே இருந்தது. பத்து நாளும் கடிதம் அரியநாதனின் மடியிலேயே கிடந்தது.

பதினோராம் நாள் குரு ஒரு குச்சியை நீட்டினாள். "குத்திப் பாருங்க ஐயா."

கலங்கல் சாடியின் அடியில் மண் கெட்டியாகப் படிந்திருந்தது. குச்சி அதன்மேல் நின்றுவிட்டது. தெளிந்த சாடியிலோ மண் பாதி உயரத்துக்குப் பொதபொதவென்று உட்கார்ந்திருந்தது. குச்சி கண்ணாடியைத் தொடும்வரை இறங்கிப் போயிற்று.

"மாரப்பனும் இப்படித்தான் போனான்," என்றார் அரியநாதன்.

குச்சியைத் துடைத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப என் மனசு எப்ப தெளியும்? நான் எப்ப போறது?"

"தெளிஞ்சதைப் பார்த்துத்தானே அவனை இறங்கச் சொன்னீங்க?" என்றாள் யோகாம்பாள். "கலங்கினபடியே போங்க ஐயா."