கனகத்தின் பெட்டி

உயிருள்ள தந்திக்கம்பிக்குள் சன்னமாக ஒரு ‘ம்ம்ம்’ ஓடும். டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்த காலத்தில், கம்பத்தின் உச்சியில் தாணுமூர்த்தி கேட்ட ஓசை அது. செத்த லைனில் அது இருக்காது. முப்பது வருஷம் கழித்து, மனைவியின் பெட்டியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு அதைத்தான் தேடினார்.

பக்கவாதம் கனகத்தின் பேச்சைக் கொண்டுபோன பிறகு வாங்கிய பெட்டி. திரையில் படங்கள் இருக்கும். விரல் வைத்தால் அவளுக்காக அது சொல்லும். தண்ணீர். வலிக்குது. போதும். அதைச் செய்த கம்பெனியிடம் இணையம் வழியே அனுமதி கேட்டுத்தான் தினமும் அது திறக்கும். கம்பெனியை மூடிவிட்டார்கள். பதில் சொல்ல ஆளில்லாமல் பெட்டியும் ஊமையாயிற்று. நான்கு மாதமாகக் கனகத்துக்குத் தலையசைப்பு மட்டும்.

கம்பெனியின் மென்பொருளை எடுத்துவிட்டு, யார் அனுமதியும் கேட்காத லினக்ஸை அதில் ஏற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். ஏற்றத் தெரிந்தவள் நாகர்கோவிலில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருந்தாள். பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்திரண்டு. கற்றுக்கொள்ள வந்தவருக்கு அறுபத்து மூன்று. அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை சார் என்றாள்.

“ஆறு வாரமா முட்டிக்கிட்டு நிக்கேன் டீச்சர். ஏறல்ல.”

“என்ன சொல்லுது?”

பெட்டியின் வயிற்றிலிருந்து மூன்று ஒயரை இழுத்து மடிக்கணினியில் மாட்டியிருந்தார். பெட்டிக்குள் நடப்பது அங்கே வரிவரியாக வரும்.

“நாலு வரி சொல்லிட்டு நின்னுருது.”

“பட்டியலைக் காட்டுங்க.”

மேசைக் கணினி தன் உறுப்புகளைத் தானே தேடிக்கொள்ளும். இந்தப் பெட்டியின் மூளையான ஏஆர்எம் சில்லுக்கு அது தெரியாது. இன்ன உறுப்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். இருந்தால் ‘ஓகே’ என்று. இந்தப் பெட்டிக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. தாணுமூர்த்தி வேறொரு பெட்டியின் பட்டியலை எடுத்து, எல்லாவற்றுக்கும் ஓகே போட்டிருந்தார்.

“கேமராவுக்கும் ஓகேயா?”

“எல்லாம் இருக்கட்டுமேன்னுதான்.”

“கல்யாணச் சாப்பாடா சார், எல்லாம் இருக்கட்டும்னு எலையில வைக்க?”

திருகுகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். கேமராச் சில்லு உட்காரவேண்டிய இடத்தில் ஈயப் புள்ளிகள் மட்டும் இருந்தன.

“இங்க யாரு இருக்கா?”

“ஒருத்தருமில்ல.”

“இருக்குன்னு நீங்க எழுதினீங்க. அது கூப்பிட்டுட்டு, பதிலுக்குக் காத்து நிக்கு.”

“இப்போ என்ன செய்ய?”

“எல்லாத்தையும் அணைங்க. மூளை, நினைவகம், இந்த மூணு ஒயர் மட்டும் இருக்கட்டும். போதும்.”

“திரையில்லாம, சத்தமில்லாம, அவளுக்கு அது எதுக்கு டீச்சர்?”

ஜெசிந்தா டீ வாங்கக் கீழே போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவர் மற்ற எல்லா ஓகேயையும் எடுத்திருந்தார். வரிகள் ஓடின. முந்நூறு, நானூறு இருக்கும். கடைசியில் ஒரு சின்னக் கோடு நின்று மினுக்கியது. யாரிடமும் கேட்காமல் பெட்டி திறந்துவிட்டது.

அதன் பிறகு லென்ஸ் வைத்து ஒவ்வொரு சில்லின் எண்ணையும் படித்தார். கண்ணால் கண்டதற்கு மட்டும் ஓகே எழுதினார். திரை வரப் பதினொரு நாள். குரல் வர ஒரு மாதம். தொடுவதை அது உணர அதற்கும் மேலே.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியோடு மாடியேறினார். முகம் நன்றாக இல்லை.

“பேசல்லையா சார்?”

“பேசுது. தப்பாப் பேசுது.”

“எப்படி?”

“நேத்து தக்கலையில இருந்து அவ தங்கச்சி வந்தா. ‘எங்கூட வந்து இருக்கியாக்கா’ன்னு கேட்டா. ‘அவளுக்கு இங்கதான் சௌகரியம், எங்கயும் வரமாட்டா’ன்னு நான் சொல்லிட்டேன். கனகம் பெட்டியைத் தொட்டா. ‘போகணும்’னு சொல்லுது. மூணு வாட்டி.”

ஜெசிந்தா பெட்டிக்குக் கை நீட்டினாள்.

“அவ பக்கத்துப் படத்தைத்தான் தொட்டிருப்பா டீச்சர். தொடுத எடம் ஒரு கட்டம் தள்ளி விழுது போல. கொஞ்சம் சரி பண்ணித் தரணும்.”

பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர்ப் படத்தைத் தொட்டாள். “தண்ணீர்” என்றது. மூலைகளைத் தொட்டாள், நடுவில் தொட்டாள். அவசரப்படாமல் எல்லாப் படத்தையும் தொட்டாள், ஒன்றைத் தவிர. பிறகு பெட்டியை அவர் பக்கம் திருப்பினாள்.

“இதை நீங்க தொடுங்க சார்.”

அவர் விரல் வெகுநேரம் மேலேயே நின்றது. பிறகு தொட்டார்.

“போகணும்” என்றது பெட்டி.

“தள்ளி விழுதா?”

தாணுமூர்த்தி விரலை எடுத்துக்கொண்டார்.

“தொட்டதைத்தான் சொல்லுது சார்.”

கனகம் இப்போது தக்கலையில், தங்கை வீட்டில் இருக்கிறாள்.