மணி நின்னா கதவு மூடும்

ஒரு ஊர்ல ஒரு கோபுரம். கோயில் கோபுரம் இல்ல கண்ணு, மணிக் கோபுரம். கடலைத் தாண்டி பெல்ஜியம் பக்கத்துல, ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி. ஊர் பேரு என் வாயில நுழையாது, விடு. "ம்" கொட்டுறியா? கொட்டு.

அந்த ஊர்ல பாதித் தெரு தண்ணி, படகுலதான் போகணும். வீட்டு முகப்பெல்லாம் உச்சி வரைக்கும் படிப்படியா செங்கல் வெச்சுக் கட்டியிருப்பாங்க, பூனை ஏறிப் போகலாம். சுத்தி கோட்டைச் சுவர். நடுவுல சந்தை, சந்தையில பெரிய துணி மண்டபம், அது தலை மேலதான் கோபுரம். முன்னூத்தி அறுபது படி. ஏறுறதுக்குள்ள முட்டி கழண்டுடும்.

அங்க மணி அடிக்கிறவன் பேரு கில்லிஸ். அந்த ஊரே மணி சொன்னபடிதான் நடக்கும். காலையில வேலை மணி, சாயங்காலம் முடிப்பு மணி. முடிப்பு மணி கேட்டா தறி நின்னுடணும். கோட்டைக்கு வெளிய ஆத்தங்கரையில கம்பளி அலசுறவங்க எல்லாம் உள்ள ஓடி வந்துடணும். ஏன்னா மணி நின்ன உடனே காவக்காரன் கதவை மூடிடுவான். ராஜாவே வந்து தட்டினாலும் விடியற வரைக்கும் வெளியதான்.

கில்லிஸோட பொண்டாட்டி லீஸ்பெத்தும் அங்கதான் கம்பளி அலசுவா. எல்லாரும் ஓடுவாங்க, இவ மட்டும் "மணி இன்னும் நிக்கலையே"ன்னு இன்னொரு கூடையை எடுப்பா. அவளுக்காகவே அவன் தினமும் நாலு இழுப்பு கூட இழுப்பான்.

அப்போ ஒரு நாள், உச்சி வெயில் நேரம். கில்லிஸ் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தான். தூரத்துல கடலைத் தடுக்கக் கட்டின கரை உடைஞ்சிருக்கு! பழுப்பா, அகலமா, தண்ணி வருது. ஊருக்கு வெளிய காத்தாடி வெச்ச மாவு ஆலை ஒண்ணு உண்டு, அதுக்கிட்ட இன்னும் வரல. ஆத்தங்கரையில முன்னூறு பேரு, ஒருத்தரும் தலை நிமிரல.

முதல்ல கொம்பை எடுத்து ஊதினான். பூஊஊம்! எதிர்காத்து, சத்தத்தை அப்படியே அடிச்சிட்டுப் போயிடுச்சு. ஒருத்தருக்கும் கேக்கல.

அப்புறம் அபாய மணி. அதுக்குப் பூட்டு, சாவி ஊர்ச் சபைத் தலைவர்கிட்ட. தடதடதடன்னு இறங்கி ஓடினான். அந்த மனுஷன் மண்டபத்துல துணியைத் தடவிப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

"ஐயா, தண்ணி வருதுங்க, சாவி குடுங்க!"

"ரெண்டு சாட்சியைக் கூட்டிட்டு வா. சபை கூடிப் பேசட்டும்."

"தண்ணி சபைக்காக நிக்காதுங்க!"

"தப்பு மணி அடிச்சா ஊரை விட்டே துரத்திடுவோம், ஞாபகம் வெச்சுக்கோ."

எனக்கு இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது. என்னது, நேரா ஆத்தங்கரைக்கு ஓடியிருக்கலாமா? அவனுக்கும் காலு அங்கதான் இழுத்துச்சு. ஆனா ஓடினா பொண்டாட்டியை மட்டும்தான் கூட்டிட்டு வர முடியும். கரை நெடுக சிதறி நிக்கிற மத்தவங்க?

அப்புறம் மூணாவதா என்ன பண்ணான்? திரும்ப முன்னூத்தி அறுபது படி ஏறினான். எட்டிப் பார்த்தா தண்ணி ஆலைக்கிட்ட வந்துடுச்சு. முடிப்பு மணிக்குப் பூட்டு கிடையாது. கயித்தைப் பிடிச்சு இழுத்தான். டாண்! டாண்! டாண்!

தறியெல்லாம் டக்குனு நின்னுச்சு. "அதுக்குள்ளயா?"ன்னு எல்லாரும் வானத்தைப் பாக்குறாங்க. பாத்துக்கிட்டே ஓடுறாங்க. வெளிய படுக்க யாருக்கு ஆசை?

இப்பதான் கண்ணு கஷ்டம். சுவர் தண்ணியைத் தாங்கும், ஆனா கதவு மூடியிருக்கணும். மணி அடிச்சுக்கிட்டே இருந்தா கதவு மூடாது, ஊருக்குள்ள தண்ணி வந்துடும். மணி நின்னா வெளிய இருக்கிறவங்க போச்சு. கயித்தை விட்டாத்தான் ஜன்னலுக்குப் போக முடியும். அவன் எப்படிப் பாப்பான்? ஆலையில இருந்து கதவு வரைக்கும் தண்ணி வர முன்னூறு இழுப்பு ஆகும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. எண்ணுறான். நூறு. கை எரியுது. இருநூறு. அவ வந்திருப்பாளா? கூடையை எடுத்துக்கிட்டு நிப்பாளா? இருநூத்தித் தொண்ணூறு. முன்னூறு.

விடணும். விட முடியல. அவளுக்காக ஒண்ணு, டாண். உள்ள எத்தனை குழந்தைங்க! இன்னும் ஒண்ணு, டாண். கடவுளே, இன்னும் ஒண்ணே ஒண்ணு. டாண்.

விட்டுட்டான்.

கதவு மூடுற சத்தம், கிரீஈஈச், டமார். கொஞ்ச நேரத்துல தண்ணி வந்து சுவத்துல மோதுச்சு, கோபுரமே அதிர்ந்துச்சு. ஜன்னல் பத்தடி தூரத்துல இருக்கு. போய்ப் பாக்க அவனுக்குத் தைரியம் இல்ல. உக்காருறான், எந்திரிக்கிறான், சுவத்தைப் பிடிக்கிறான்.

அப்போ படியில சத்தம். டக், டக், டக். மூச்சு வாங்க வாங்க ஒருத்தி வரா.

"யோவ்! உச்சி வெயில்ல எவனாச்சும் முடிப்பு மணி அடிப்பானா? பாதிக் கம்பளி அலசவே இல்ல. சபைக்காரன் உன்னைத் துரத்தினா நானும்ல மூட்டை கட்டணும்!"

லீஸ்பெத். பின்னாடி திரும்பியே பாக்காம சண்டை போட ஓடி வந்திருக்கா.

அவன் அவ கையைப் பிடிச்சு ஜன்னலுக்குக் கூட்டிட்டுப் போனான். ஆத்தங்கரை இல்ல, ஆலை இல்ல, எல்லாம் தண்ணி. கீழ சந்தையில சபைத் தலைவர் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாரு.

"லீஸ்பெத், உனக்குப் பின்னாடி வெளிய யாராச்சும் நின்னுட்டாங்களா?"

அவ நல்லா யோசிச்சா. "யாருமில்ல. நான்தான் கடைசி, எல்லாரும் எனக்கு முன்னாடியே உள்ள ஓடிட்டாங்க. நான் நுழைஞ்சதும்தான் காவக்காரன் கதவைத் தள்ளினான். என்னைத் திட்டிக்கிட்டே தள்ளினான்."

அப்புறம் அவன் அழுதான் பாரு, உன்னை மாதிரி, வாயைத் திறந்துக்கிட்டு.

கதை கரை ஏறிடுச்சு. நீ கண்ணை மூடு.