கல் நாள்காட்டியும் நெடுங்குளத்துத் தெப்பமும்

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி வெண்கரை நாட்டைக் கோடைமாறன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தான். காலையில தான் சொன்னதை மத்தியானம் மறந்துடுவான். அதையே வேற யாராவது மறந்தா தொலைச்சுடுவான். ராஜான்னா அப்படித்தான், யார் கேக்கறது?

அவன் சபையில தில்லைவிடங்கர்னு ஒரு பெரிய மனுஷர். வேற யாரையாவது ராஜா மெச்சினா அன்னிக்கு அவருக்குச் சோறு இறங்காது. நாமளும் ஒண்ணு செஞ்சு காட்டணும்னு யோசிச்சு, கோட்டை வாசல்ல ஆளுயரத்துக்கு ஒரு கருங்கல்லை நிறுத்தினாரு. வருஷத்துல எத்தனை நாளோ அத்தனை கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு விசேஷம். நாட்டுல எங்க திருவிழா, எங்க சந்தை, எல்லாத்தையும் உளியால வெட்டி வெச்சுட்டாரு. ராஜா அசந்துபோய், "கல்லுல உள்ளதுதான் நாட்டுல நடக்கணும், இல்லாதது நடக்கக்கூடாது"ன்னு உத்தரவு போட்டுட்டான்.

அங்க ஆரம்பிச்சது வம்பு. மூணு நாள் நடக்கிற மல்யுத்தத்துக்கு ஒரு கட்டந்தான் கிடைச்சுது. ரெண்டாம் நாள் பிடியில நின்ன ரெண்டு மல்லனையும் காவக்காரன் பிரிச்சு விரட்டினான். யாரு ஜெயிச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. வாராவாரம் கூடற நெசவுச் சந்தைக்கு வருஷத்துக்கு ஒரு கட்டம். ஜனங்க வரிசையில நின்னு குறை சொன்னாங்க. தில்லைவிடங்கர் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வெச்சிருந்தாரு: "கல்லு சரியாத்தான் இருக்கு. உங்க விசேஷந்தான் தப்பு."

கேட்டீங்களா நியாயத்தை? செருப்பு கடிச்சா காலை வெட்டுங்கறாரு.

இதுல பெரிய அடி நெடுங்குளத்துக்காரங்களுக்கு. அவங்க தெப்பத் திருவிழாவுக்குத் தேதியே கிடையாது. மழை பேஞ்சு, குளம் நிறைஞ்சு, மிச்சத் தண்ணி மறுகால் வழியா என்னிக்குப் பாயுதோ அன்னிக்குத் தெப்பம் விடுவாங்க. தில்லைவிடங்கர் பாட்டுக்குக் கார்த்திகை அஞ்சுன்னு வெட்டிட்டாரு. அஞ்சாம் தேதி குளத்துல முழங்கால் அளவு சேறு. காவக்காரங்க ஈட்டியோட நின்னதால, சேத்துலயே தெப்பத்தைத் தள்ளினாங்க. பத்து நாள் கழிச்சுக் குளம் நிறைஞ்சு மறுகால் பாஞ்சப்போ, "கல்லுல இல்லை, கலைஞ்சு போங்க"ன்னுட்டாங்க.

அந்த ஊர்ல தெப்பம் கட்டறவ செம்பாயி. அவ கை கட்டின முடிச்சும் அவிழாது, அவ வாய் போட்ட முடிச்சும் அவிழாது. அடுத்த புரட்டாசி பொறந்ததும் நேரா சபைக்குப் போய் நின்னா. கட்டத்தை மாத்தி வைக்கிற மாதிரி பண்ணுங்கன்னு கேட்டா. தில்லைவிடங்கர் தன்னோட அதே பாட்டைப் பாடினாரு. ராஜாவுக்குப் பொழுது போகலை போல. கல்லுல ஒரே ஒரு தப்பைக் காட்டு, கல்லை எடுத்துடறேன். காட்டலைன்னா உன் தெப்பம் அரண்மனை அடுப்புக்கு விறகுன்னுட்டான்.

செம்பாயி அசரலை. தில்லைவிடங்கர் பக்கம் திரும்பினா.

"ஐயா, கல்லு சொல்றது தப்பாவே இருக்காதா?"

"இருக்காது."

"மகாராஜாவுக்காகக்கூட ஒரு கட்டம் நகராதா?"

"யாருக்காகவும் நகராது. அதுக்குத்தாம்மா கல்லுன்னு பேரு."

ராஜா தலையை ஆட்டி ரசிச்சான். செம்பாயி அடுத்து அரண்மனை ஜோசியரைப் பார்த்து, மகாராஜாவோட பொறந்த நாள் இந்த வருஷம் என்னிக்குன்னு கேட்டா. மகாராஜா பொறந்தது புரட்டாசி அனுஷம், நட்சத்திரம் வருஷாவருஷம் ஒரே தேதியில வராது, போன வருஷம் இருபத்தொண்ணு, இந்த வருஷம் பதினொண்ணுன்னு ஜோசியர் வெகுளியாச் சொல்லிட்டாரு.

"கல்லுல இருபத்தொண்ணுலதான் வெட்டியிருக்கு மகாராஜா. பதினொண்ணாம் கட்டத்துல கழுதைச் சந்தை இருக்கு"ன்னா செம்பாயி.

தில்லைவிடங்கர் மெதுவா ஒரு தூணுக்குப் பின்னால நகர்ந்தாரு. ராஜா கண்ணு செவந்து, "இதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டான்.

"ஐயா எங்களுக்குச் சொன்ன அர்த்தந்தான் மகாராஜா. கல்லு சரியாத்தான் இருக்கு. நீங்க பொறந்ததுதான் தப்பு."

ஒரு நொடி அவ கழுத்து இருக்குமான்னு எல்லாரும் பார்த்தாங்க. ராஜாவுக்கு உதடு துடிச்சுது. அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிம்மாசனத்துலயே சாஞ்சு சிரிச்சான். சிரிச்சு முடிச்சதும், "அப்போ யாரு மாறணும்? நானா, கல்லா?"ன்னு தில்லைவிடங்கரைக் கேட்டான். தூணுக்குப் பின்னாலருந்து, "கல்லுதான் மகாராஜா"ன்னு ஈனமா ஒரு குரல் வந்துது.

அன்னிக்கே கல்லைப் பெயர்த்து நெடுங்குளத்துப் படித்துறையில துணி துவைக்கப் போட்டாங்க. கோட்டை வாசல்ல நாளுக்கு ஒரு கொக்கி அடிச்சு மரச்சட்டம் வந்துது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் கழட்டி மாட்டற மாதிரி ஒரு மரப்பலகை. மூணு நாள் விசேஷத்துக்கு மூணு கட்ட நீளத்துக்குப் பலகை. சட்டத்துக்குக் கீழயே தில்லைவிடங்கருக்கு ஒரு முக்காலி. யார் வந்து குறை சொன்னாலும் வாயைத் திறக்காம எழுதிக்கணும், அதுதான் அவருக்குத் தண்டனை.

செம்பாயிக்குப் பட்டம் தரேன்னான் ராஜா. பட்டத்தை வெச்சு எந்தத் தண்ணியில மிதக்கிறதுன்னு கேட்டுட்டு, தெப்பத்துக்குத் தேதி போடாத ஒரு பலகை மட்டும் வாங்கிட்டுப் போனா.

ஐப்பசி கடைசியில குளம் நிறைஞ்சு மறுகால் பாஞ்சுது. செம்பாயி ஈரப் புடவையோட கோட்டை வாசலுக்கு வந்தா. அன்னைக்கான கொக்கியில மகாராஜாவோட வேட்டைப் பலகை தொங்கிட்டிருந்தது. அதைக் கழட்டி மறுநாள் கொக்கியில மாட்டிட்டு, தன்னோடதை அங்க மாட்டினா. ஈட்டியோட நின்ன காவக்காரன் ஏன்னு கேக்கலை. தெப்பம் எத்தனை மணிக்குன்னு கேட்டான்.